ஓசிப் படிப்பு

குற்றாலத்தில் தண்ணீர் விழ ஆரம்பித்துவிட்டால் தென்காசிக்காரர்களின் சொந்தபந்தம் எல்லாம் எங்கிருந்தோ முளைத்து வந்துவிடும். பொங்கலுக்கு ஒரு போன் கிடையாது, தீபாவளிக்கு ஒரு வாழ்த்து கிடையாது. ஆனி மாசம் சாரல் விழுந்தது என்று டிவியில் ஒரே ஒரு தடவை காட்டட்டும், "என்ன, பாத்து நாளாச்சே, எல்லாரும் சௌக்கியமா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். பாத்து நாளாச்சு என்றால் என்ன அர்த்தம் என்று இந்த ஊரில் கைப்பிள்ளைக்குக்கூடத் தெரியும். வியாழக்கிழமை வருகிறோம், பதினோரு பேர், துண்டு எடுத்து வரவில்லை என்று அர்த்தம்.

உமாராணியின் வீடு குற்றாலம் ரோட்டிலிருந்து உள்ளே இரண்டாவது தெரு. மற்ற வீடுகளுக்குச் சொந்தக்காரர்கள் மட்டும் வருவார்கள். இவள் வீட்டுக்குச் சொந்தக்காரர்களின் சொந்தக்காரர்களும் வருவார்கள். காரணம் அவள் புருஷன் வல்லிநாயகம். போலீஸில் எஸ்.எஸ்.ஐ. சீசன் முழுக்க அருவிக்கரையில்தான் டூட்டி. முன்னால் ஆயிரம் பேர் நின்றாலும் "நம்ம வீட்டு ஆளுக" என்று அவர் ஒரு பார்வை பார்த்தால் ஓரமாக ஒரு வழி திறக்கும். கூட்டத்தில் இடிபடாமல், மிதிபடாமல், நேராகத் தண்ணீருக்கு அடியில் கொண்டுபோய் நிறுத்திவிடுவார். அதில் அந்த மனுஷனுக்கு அப்படி ஒரு பெருமை. போனில் யார் கூப்பிட்டாலும், "நீங்க கிளம்பி வாங்க, நான் பாத்துக்கிடுதேன்" என்பார். பார்த்துக்கொள்வது யார்? அடுப்படியில் நிற்கிறவள்.

இருபத்து மூன்று வருஷமாக அவளும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஆனால் இந்த வருஷம் அவளுக்கு வேறு ஒரு சோலி இருந்தது. உமாராணி ஒரு பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

மகள் கோயம்புத்தூருக்கு வேலைக்குப் போனபோது, பள்ளிக்கூடத்தில் சர்க்கார் சும்மா கொடுத்த லேப்டாப்பைக் கட்டிலுக்கு அடியில் போட்டுவிட்டுப் போனாள். அதை எடுத்துத் தூசி தட்டி, எதையோ தேடப்போய், அமெரிக்காவில் ஒரு பல்கலைக்கழகம் உலகத்தில் யார் வேண்டுமானாலும் சேரலாம் என்று இலவசமாகத் திறந்துவிட்டிருந்த வகுப்பு ஒன்றில் போய் விழுந்தாள். நிகழ்தகவு. ப்ளஸ் டூவில் அவளுக்கு ரொம்பப் பிடித்த பாடம். அதற்கப்புறம் காலேஜ் கிடையாது, பத்தொன்பது வயதில் கல்யாணம். இப்போது நாற்பத்து மூன்று.

பதினான்கு வாரப் பாடம். நரைத்த தாடிக்காரர் ஒருத்தர் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதி எழுதி நடத்துவார். அவர் பேசுகிற இங்கிலீஷ் முதல் வாரம் ஒரு எழவும் புரியவில்லை. நிறுத்துவாள், கீழே ஓடும் எழுத்தைப் படிப்பாள், போனில் அகராதி பார்ப்பாள், மறுபடி ஓட்டுவாள். ஒரு மணி நேர வகுப்பைக் கேட்டு முடிக்க நாலு மணி நேரம் ஆயிற்று. ஐந்தாவது வாரம் வந்தபோது நிறுத்தாமலே கேட்க முடிந்தது. மகளுடைய மிச்ச நோட்டுகளில் நாலு நோட்டு நிரம்பிவிட்டது.

ஒரு பாடத்தைச் சொன்னால்தான் அவளுக்கு என்ன ஆயிற்று என்று விளங்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு பஸ் என்று கணக்கு. ஆனால் நாம் போய் நிற்கும்போது மட்டும் ஏன் பதினைந்து, இருபது நிமிஷம் ஆகிறது? ராசி சரியில்லை என்றுதானே எல்லாரும் நினைக்கிறோம். ராசி இல்லையாம். பஸ்கள் சமமான இடைவெளியில் வருவதில்லை. சின்ன இடைவெளியும் உண்டு, பெரிய இடைவெளியும் உண்டு. பெரிய இடைவெளிதான் நிறைய நேரத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதனால் நாம் போய் நிற்கும் நேரம் பெரிய இடைவெளிக்குள் விழத்தான் வாய்ப்பு அதிகம். இதைப் புரிந்துகொண்ட அன்று இலஞ்சி பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்த உமாராணி, அரைமணி நேரமாக பஸ் வராததற்குத் தனியாகச் சிரித்தாள். பக்கத்தில் நின்ற பொம்பளை இரண்டு எட்டு தள்ளி நின்றுகொண்டாள்.

இதை யாரிடம் சொல்ல? சொன்னால் எல்லாரும் ஒரே கேள்வி கேட்டார்கள். முடிச்சா என்ன கிடைக்கும்?

"வேலை கிடைக்குமா?"

"இல்லை."

"சர்டிபிகேட் தருவானா?"

"காசு கட்டினா தருவான். எனக்கு வேண்டாம்."

"பொறவு எதுக்குட்டி இந்தப் பாடு?"

இப்படிக் கேட்டது நாத்தனார் ஆவுடைத்தாய். வல்லிநாயகத்தின் அக்காள், தூத்துக்குடியில் பாத்திரக்கடைக்காரர் சம்சாரம். "எனக்குப் புரியுதான்னு பாக்கணும் மைனி" என்றாள் உமாராணி. போனின் அந்தப் பக்கம் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

ஆனால் அவள் சொன்னது சத்தியமான வார்த்தை. அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான். தனக்குப் புரிந்ததா, இல்லை புரிந்த மாதிரி இருக்கிறதா? தாடிக்காரர் நடத்தும்போது எல்லாம் புரிகிற மாதிரிதான் இருக்கும். யாரும் பக்கத்தில் இல்லாமல் தானாகப் போட்டுப் பார்த்தால்தானே தெரியும். அதற்குத்தான் கடைசிப் பரீட்சை. இருபது கேள்வி, மூன்று மணி நேரம். ஒரு தடவை திறந்தால் மூடமுடியாது, நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். ஒருத்தருக்கு ஒரே வாய்ப்பு. முடித்ததும் மார்க் மட்டும் வரும், கேள்விகள் மறைந்துவிடும். திங்கள் முதல் ஞாயிறு வரைக்குள் எழுதிவிட வேண்டும்.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு எழுதுவது என்று காலண்டரில் வட்டம் போட்டு வைத்தாள். புதன்கிழமை சாயங்காலம் வல்லிநாயகம் பெல்ட்டைக் கழற்றிக்கொண்டே சொன்னார்.

"அக்கா நாளைக்கு வருதா. அத்தான், முத்துகுமரன், அவங்க கடை ஆளுக, எல்லாம் வேன்ல வருதாங்க. பதினோரு பேரு. ஞாயித்துக்கிழமை ராத்திரி வரைக்கும் இருப்பாங்க."

"நாளைக்கா? நாளைக்கு எனக்குப் பரீட்சைன்னு சொன்னேன்லா?"

"அட, அது கம்ப்யூட்டர்ல உள்ளதுதானே. எங்க ஓடிரப் போகுது? நான் பாத்துக்கிடுதேன்."

சும்மா சொல்லக்கூடாது, கெட்ட மனுஷன் இல்லை. கை நீட்டியது கிடையாது, குடி கிடையாது, சம்பளத்தை அப்படியே கொண்டுவந்து கொடுப்பார். ஆனால் இவள் பேசுகிற பேச்சு அவருடைய ஒரு காதுக்குள்ளேயும் போகவே போகாது. அதுதான் எரிச்சல்.

வியாழனும் வெள்ளியும் எப்படிப் போயின என்று கேட்கவேண்டாம். காலையில் நாற்பது இட்லி, மத்தியானம் சோறு, குழம்பு, கூட்டு, சாயங்காலம் பஜ்ஜி, ராத்திரி தோசை. குளித்துவிட்டு வந்த ஈரத்துணி ஒரு மலை. எண்ணெய்க் காலோடு வீடு முழுக்க நடக்கிறார்கள், பின்னாலேயே துடைக்க வேண்டியிருந்தது. ஆவுடைத்தாய் ஃபேனுக்கு அடியில் காலை நீட்டி உட்கார்ந்து, "இந்தா உமா, உன் பரீட்சை என்னாச்சு?" என்று கேட்பாள். கேட்டுவிட்டு மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடிப்பாள். அவள் வீட்டுக்காரர் கௌரிசங்கர் மூன்று நாளும் அதே ஒரு வசனத்தைத்தான் வைத்திருந்தார். "ஓசியில குடுக்கான்னா அதுல என்ன சரக்கு இருக்கும் தங்கச்சி?" உமாராணி பல்லைக் கடித்துக்கொண்டு தோசையைத் திருப்பினாள்.

சனிக்கிழமை காலை எல்லாரும் ஐந்தருவிக்குக் கிளம்பினார்கள். போனால் திரும்ப ஒரு மணியாவது ஆகும். ஒன்பதே காலுக்கு வேன் தெருமுனை தாண்டியது. பாத்திரங்களை அப்படியே தொட்டியில் போட்டுவிட்டு உமாராணி கை கழுவி, உள்ளறைக் கதவைச் சாத்தி, ஒன்பது நாற்பதுக்குப் பரீட்சையைத் திறந்தாள். திரையின் மூலையில் மூன்று மணி நேரம் குறைய ஆரம்பித்தது.

முதல் கேள்வியைப் படித்ததும் ஒன்றுமே விளங்கவில்லை. இரண்டாம் தடவை படித்தபோது பிடி கிடைத்தது. மூன்றாவது கேள்வியில் பேனா ஓட ஆரம்பித்தது. ஐந்தாவது கேள்வி பஸ் கேள்வியேதான், வேறு வேஷம் போட்டு வந்திருந்தது. அடி சக்கை என்று அவள் வாய்விட்டே சொன்னாள். இத்தனை வருஷத்தில் அவள் அவ்வளவு சந்தோஷமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்ததில்லை.

மலைக்கு மேலே என்ன மழை பெய்தது என்று அவளுக்கு எப்படித் தெரியும்? பத்தேகாலுக்கு அருவியில் வெள்ளம் வந்து, விசில் ஊதி, எல்லாரையும் கரையேற்றி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது வேன் வாசலில் வந்து நின்றது. பதினோரு பேரும் தலைகூட நனையாமல், கோபத்தோடும் பசியோடும் இறங்கி வீட்டுக்குள் வந்தார்கள். ஆவுடைத்தாய் உள்ளறைக் கதவைத் தட்டினாள்.

"உமா! ஏட்டி உமா! கதவைத் திற."

"மைனி, பரீட்சை எழுதுதேன். பன்னெண்டே முக்காலுக்கு வந்திருவேன். ஃப்ளாஸ்க்ல காப்பி இருக்கு, டப்பாவுல முறுக்கு இருக்கு."

ஆவுடைத்தாயின் குரல் மற்றவர்கள் பக்கம் திரும்பியது. அப்புறம் ஆரம்பித்தது. "பாத்தீங்களா, வந்த ஆளுகளை வெளியே நிறுத்திட்டு உள்ள தாழ்ப்பா போட்டிருக்கா! எங்க வீட்டுல நாயைக்கூட இப்படி நிறுத்தமாட்டோம். காசு கட்டாத படிப்புக்கே இந்தத் திமிருன்னா, கட்டிப் படிச்சிருந்தா நம்மள தெருவுலல்லா நிக்க வச்சிருப்பா!" ஒவ்வொரு வார்த்தையும் கதவுக்குள் வந்து விழவேண்டும் என்றே சொன்ன வார்த்தை. உமாராணி காதைப் பொத்திக்கொண்டு எட்டாவது கேள்வியைப் போட்டாள். ஒன்பதை இரண்டு தரம் அடித்துப் போட்டாள். பதினொன்றை முடித்தபோது மணி பதினொன்று இருபது. அப்போது வல்லிநாயகத்தின் போன் வந்தது.

"என்ன உமா இது? அக்கா அழுதுகிட்டுப் பேசுதா. என் மானம் போகுது. சோத்தை மட்டும் எறக்கி வச்சிட்டுப் போயிரு. அரைமணி நேரம். நானும் வந்துகிட்டே இருக்கேன்."

"நேரம் ஓடுதுங்க. நிறுத்த முடியாது."

"உன்னைக் கும்பிட்டுக் கேக்கேன்."

அவள் கணக்குப் போட்டாள். பாக்கி எண்பது நிமிஷம். அரைமணி போனால் ஐம்பது. ஒன்பது கேள்வி. முட்டி மோதினால் முடிக்கலாம். லேப்டாப்பை அப்படியே திறந்து வைத்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்து வந்தாள்.

குக்கரில் அரிசியைப் போட்டு, பருப்பை ஏற்றியபோதுதான் கௌரிசங்கர் அடுப்படி வாசலில் வந்து நின்றார். "குளிக்கத்தான் முடியலை. உன் கையால ஒரு சொதியாவது வைம்மா. சாப்பிட்டு நாளாச்சு."

சொதி! திருநெல்வேலிப் பக்கம் பிறந்த எவனுக்கும் தெரியும், அது அரைமணி நேரத்துக் காரியம் இல்லை. தேங்காய் துருவி, முதல் பால், இரண்டாம் பால், மூன்றாம் பால் என்று தனித்தனியாகப் பிழிய வேண்டும். அதற்குத் தொட்டுக்கொள்ள இஞ்சிப் பச்சடி வேண்டும், உருளைக்கிழங்கு பொரிக்க வேண்டும். முடியாது அண்ணாச்சி என்ற வார்த்தை நாக்கு நுனி வரை வந்தது. வந்தவர்கள் வாய்விட்டுக் கேட்டதை இல்லையென்று சொல்லிப் பழகாத நாக்கு அதை விழுங்கிவிட்டது. இந்தப் பாழாய்ப்போன நாக்கைத்தான் அன்றைக்கு முதலில் செருப்பால் அடித்திருக்க வேண்டும்.

துருவினாள், அரைத்தாள், பிழிந்தாள். இடையில் வல்லிநாயகம் யூனிஃபார்மோடு வந்ததும், உள்ளே எட்டிப் பார்த்ததும், முத்துகுமரனைத் தோளில் கைபோட்டு அழைத்துப் போனதும் ஓரக்கண்ணில் தெரிந்தது. முத்துகுமரன் ஆவுடைத்தாயின் மகன். பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை, இருபத்தாறு வயது. குளிக்க முடியாத வருத்தத்தில் மருமகனை மாமா சமாதானப்படுத்துகிறார் என்று இவள் நினைத்துக்கொண்டாள். கடைசிப் பாலை ஊற்றி இறக்கியபோது மணி பன்னிரண்டு ஐந்து. இன்னும் முப்பத்தைந்து நிமிஷம் இருந்தது. ஐந்து கேள்வியாவது போட்டுவிடலாம். கையைக்கூடத் துடைக்காமல் ஓடினாள்.

அவளுடைய நாற்காலியில் முத்துகுமரன் உட்கார்ந்திருந்தான். பக்கத்தில் வல்லிநாயகம், முகமெல்லாம் சிரிப்பு.

"அத்தை! முடிச்சாச்சு. நூத்துக்கு நூறு!"

"எதை முடிச்சே?"

"பரீட்சையத்தான். மிச்ச ஒம்பதையும் போட்டோ எடுத்து ஏஐல போட்டேன். கடகடன்னு வந்துட்டு. நீங்க போட்டதையும் ஒரு தடவை செக் பண்ணிட்டேன் அத்தை, ரெண்டு தப்பு இருந்துச்சு. அதையும் மாத்திட்டேன்."

வல்லிநாயகம் அவள் தோளைத் தட்டினார். "கடைசியில, இது நானே எழுதினதுன்னு உறுதி சொல்லிப் பேரை அடிக்கச் சொன்னான். உன் பேரை நான்தான் அடிச்சேன். ஒத்த விரலால. அரைமணி நேரத்துல வேலை முடிஞ்சு போச்சு. பாத்துக்கிடுதேன்னு சொன்னேன்லா?"

உமாராணி திரையைப் பார்த்தாள். பச்சை நிறத்தில் நூறு என்று இருந்தது. கேள்விகள் இல்லை.

"எந்த ரெண்டு?" என்றாள்.

"என்னது அத்தை?"

"எந்த ரெண்டு தப்பு?"

முத்துகுமரன் யோசித்தான். "நாலாவதோ என்னவோ... இன்னொண்ணு ஞாபகம் இல்லை அத்தை. அதான் இப்ப எல்லாம் சரியாகிட்டே."

அதற்குள் கூடத்திலிருந்து எல்லாரும் வந்து எட்டிப் பார்த்தார்கள். நூறாமே, நூறாமே என்று ஒரே சந்தோஷம். யாரோ கைதட்டினார்கள். "இந்த ஒரு எழவுக்காடி மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வச்சிருந்தே? எம்புள்ள அஞ்சு நிமிஷத்துல முடிச்சிட்டாம் பாரு" என்றாள் ஆவுடைத்தாய்.

உமாராணி பக்கத்தில் கிடந்த நோட்டுகளைப் பார்த்தாள். பதினான்கு வாரம். நாலு நோட்டு. எல்லாரும் தூங்கின மத்தியானங்கள், எல்லாரும் சீரியல் பார்த்த சாயங்காலங்கள். அத்தனையும் ஒரே ஒரு விஷயம் தெரிந்துகொள்ளத்தான். அதைக் கொண்டுவந்து குப்பையில் போட்டுவிட்டு, கைதட்டிக்கொண்டு நிற்கிறார்கள்.

"எந்திரிலே நாற்காலியை விட்டு" என்றாள்.

முத்துகுமரன் பதறி எழுந்தான். இத்தனை வருஷத்தில் அத்தை அவனை லே போட்டுக் கூப்பிட்டதில்லை.

"யாரைக் கேட்டுத் தொட்டே? ஒரு வார்த்தை கேட்டியா? பத்தடி தூரத்துல அடுப்படியிலதானே நின்னேன்? அத்தை, போடட்டுமான்னு ஒரு வார்த்தை!"

"நீங்க கஷ்டப்படுதீங்கன்னுதான் அத்தை..."

"கஷ்டப்படுதேன்னு நான் சொன்னேனா? சொதி வைக்கக் கஷ்டப்பட்டேன். அதுக்கு எவனாவது வந்து தேங்காய் துருவினீங்களா?"

"ஏ உமா, என்ன பேச்சு பேசுதே?" என்று வல்லிநாயகம் குறுக்கே வந்தார். "புள்ள நல்லதுதானே செஞ்சிருக்கான்."

"நூறு மார்க்கு வாங்கிக் குடுத்தவனைத் திட்டுதா பாரு. கோட்டி பிடிச்சிருக்கு இவளுக்கு" என்றாள் ஆவுடைத்தாய்.

கௌரிசங்கர் சிரித்தார். நிலைமையைச் சுமுகமாக்குவதாக நினைப்பு. "விடு தங்கச்சி. இதென்ன காசா பணமா? ஓசிப் படிப்புதானே!"

அவ்வளவுதான். அடைத்து வைத்திருந்தது மடை திறந்துகொண்டது.

"ஓசியா? எது அண்ணாச்சி ஓசி? மூணு நாளா இங்க தின்னுதீங்களே, அது என்ன? வரிசையில நிக்காம அருவியில போய்க் குளிக்கியளே, அது என்ன? சோப்புல இருந்து துண்டு வரைக்கும் என் வீட்டுது. இருபத்து மூணு வருஷமா ஓசியில உக்காந்து தின்னுட்டு, நான் ஒரு மூணு மணி நேரம் கதவைச் சாத்தினா அது ஓசியாக்கும்? அவன் எனக்குச் சும்மாதான் குடுத்தான், ஆமா. ஆனா நான் சும்மா வாங்கலை. உக்காந்து படிச்சேன். இங்க ஓசியில வாங்கிக்கிட்டவங்க யாருன்னு நீங்களே பாத்துக்கிடுங்க!"

வந்தவர்களைப் பார்த்துத் தின்னுதீங்களே என்று கேட்பது இந்தச் சீமையில் செய்யக்கூடாத காரியம். அடுத்த தலைமுறை வரைக்கும் பேசுவார்கள். உமாராணிக்கும் அது தெரியும். தெரிந்துதான் சொன்னாள். சொன்ன பிறகும் ஒரு வார்த்தையைக்கூடத் திரும்ப எடுக்கத் தோன்றவில்லை.

"வண்டியை எடுக்கச் சொல்லுங்க" என்றாள் ஆவுடைத்தாய், புருஷனைப் பார்க்காமலே. "இனி இந்த வாசல்படி மிதிச்சா என்னை ஏன்னு கேளு தம்பி."

"அக்கா, சாப்பிட்டுட்டாவது போக்கா. எலை போட்டாச்சு அக்கா." வல்லிநாயகம் யூனிஃபார்மோடு பின்னாலேயே ஓடினார். ஒருத்தரும் நிற்கவில்லை. கொடியில் கிடந்த ஈரத்துணியை அப்படியே பையில் திணித்தார்கள். பத்து நிமிஷத்தில் வேன் போய்விட்டது. கூடத்தில் பதினோரு இலை காலியாகக் கிடந்தது. அடுப்பில் சொதி சூடாக இருந்தது.

திரும்பி வந்த வல்லிநாயகத்துக்குக் கண் சிவந்திருந்தது. "எங்கக்காவைச் சாப்பிடாம அனுப்பிட்டியே, பாவி. உனக்கு நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சோம்?"

"நான் உங்களை ஒண்ணு கேக்கேன். ஒருத்தன் பரீட்சையை இன்னொருத்தன் எழுதி, அவன் பேரை வேற ஒருத்தன் போட்டுக் குடுத்தா, உங்க ஸ்டேஷன்ல அதுக்கு என்ன பேரு?"

வல்லிநாயகம் திரும்பி நின்று பெல்ட்டைக் கழற்ற ஆரம்பித்தார்.

"ஆள்மாறாட்டம். அதுக்கு செக்‌ஷன் இருக்குலா? எத்தனை பேரைப் பிடிச்சிருப்பீங்க? வீட்டுக்கு வந்து நீங்களே செய்வீங்க, அதுக்கு நான் சந்தோஷப்படணும்!"

"அது வேலைக்கு எழுதுத பரீட்சை. இது சும்மா உனக்காக எழுதுதது. இதுல யாருக்கு நஷ்டம்? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்லா? நான் யாரும் இல்லையா?"

அவர் கட்டிலில் போய் உட்கார்ந்தார். உமாராணி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அந்த வகுப்புக்காரர்களுக்குக் கடிதம் எழுதத் திரையிலேயே ஒரு இடம் இருந்தது. இங்கிலீஷில் எழுதிப் பழக்கமில்லாதவளுக்கு, அகராதியை வைத்துக்கொண்டு நாலு வரி எழுத ஒரு மணி நேரம் ஆயிற்று. என் பெயரில் வந்திருக்கும் நூறு என்னுடையது இல்லை. பதினோரு கேள்விதான் நான் எழுதினேன், அதிலும் இரண்டை மாற்றிவிட்டார்கள். மிச்சத்தை என்னைக் கேட்காமல் என் வீட்டார் எழுதினார்கள். தயவுசெய்து அந்த மார்க்கை எடுத்துவிடுங்கள்.

எழுதினதைச் சத்தமாகத் தமிழில் சொன்னாள். கட்டிலில் உட்கார்ந்திருந்த வல்லிநாயகம் எழுந்தே விட்டார். "அடியே, நூறை யாராவது வேண்டாம்பாங்களா? என் வீட்டார்னு வேற எழுதியிருக்கியே!"

"பின்ன யாரு, அடுத்த வீட்டாரா?" என்று சொல்லி அனுப்பினாள்.

சாயங்காலம் ஏழு மணிக்குப் பதில் வந்தது. அங்கே அப்போதுதான் விடிந்திருக்கும். தாடிக்காரருக்கு உதவியாக இருக்கிற ஒருத்தர் எழுதியிருந்தார். நீங்களாகவே தெரிவித்ததற்கு நன்றி. விதிப்படி மார்க் ரத்தாகிறது. இரண்டாவது வாய்ப்பு தர எங்களால் முடியாது. அடுத்த வகுப்பு ஜனவரியில், விரும்பினால் முதலிலிருந்து சேரலாம், கேள்விகள் வேறாக இருக்கும். உமாராணி பரீட்சைப் பக்கத்தைத் திறந்தாள். நூறு இருந்த இடத்தில் சைபர் இருந்தது.

அவள் அழ ஆரம்பித்தாள். துக்கத்தில் அழுகிற அழுகை இல்லை அது. அடிக்க ஆள் கிடைக்காத கோபத்தில் வருகிற அழுகை. மூக்கைச் சிந்தி முந்தானையில் துடைத்தாள், மறுபடியும் வந்தது.

வல்லிநாயகம் பின்னால் வந்து நின்று திரையைப் பார்த்தார். "இருந்ததும் போச்சு. இப்பச் சந்தோஷமா உனக்கு?" என்றார். குரலில் கோபம் இருந்தது, ஆனால் முன்னிருந்த பலம் இல்லை.

உமாராணி திரும்பினாள்.

"மார்க்கு போனா மயிரு போச்சு. எனக்கு அந்த மார்க்கு வேண்டாம். அந்த ஒம்பது கேள்வி இருந்துச்சே, அது எனக்கு வந்திருக்குமா, வந்திருக்காதா? எந்த ரெண்டை நான் தப்பாப் போட்டேன்? அது தெரியாமலே நான் சாகணும். ஊர்ல எல்லாருக்கும் எல்லாத்தையும் நீங்க முடிச்சுக் குடுப்பீங்கள்லா? இதை எனக்குக் கொண்டாந்து குடுங்க. போங்க, யார்கிட்ட வேணும்னாலும் போய்க் கேளுங்க, எவனுக்கு வேணும்னாலும் போன் போடுங்க. கொண்டாந்து குடுங்க பாப்போம்."

வல்லிநாயகத்தின் கையில் போன் இருந்தது. அவர் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.